மூவார் ஆற்றங்கரையில் ஒரு போலீஸ் நிலையம்

மலாயா மண்ணில் – 14

1950-இல் புக்கிட் கெப்போங்குக்குப் போகிறவர்கள் ஆற்றை நம்பித்தான் போனார்கள். மூவார் பட்டணத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரிசியும் மண்ணெண்ணெயும் கடிதமும் ஆளும் படகேறி வரும். ரப்பர் படகேறிப் போகும். கரையோரம் கொஞ்சம் கடைகள், கம்பத்து வீடுகள், சுற்றிலும் ரப்பர் மரங்கள், அதற்கப்பால் காடு. அந்தக் கரையில் பலகையால் கட்டிய ஒரு போலீஸ் நிலையம் இருந்தது. பின்னாலேயே காவலர் குடும்பங்கள் தங்கும் வீடுகள். அவையும் பலகைதான். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சார்ஜன் ஜமில் முகமட் ஷா.

பிப்ரவரி 23, வியாழக்கிழமை. பொழுது விடியவில்லை. சுமார் 180 கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் நிலையத்தைச் சுற்றி வளைத்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. உள்ளே இருந்த காவலர்கள் இருபது சொச்சம். வெளியிலிருந்தவர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. உள்ளே பெரும்பாலும் பழைய ரைபிள்கள். சரணடையுங்கள் என்று வெளியிலிருந்து குரல் வந்தது. ஜமில் மறுத்தார். துப்பாக்கிச் சண்டை தொடங்கியது.

அடுத்த நான்கைந்து மணி நேரத்தில் அங்கே நடந்ததை மலேசியாவில் பள்ளிக்கூடம் போன எவரும் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். காவலர் ஒருவரின் மனைவியைப் பிடித்து, உன் கணவனைச் சரணடையச் சொல் என்று மிரட்டினார்கள். அந்தப் பெண் மசியவில்லை. கணவன் கையிலிருந்து விழுந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்ட மனைவியின் கதையும் உண்டு. கடைசியில் நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் தீ வைத்தார்கள். பலகைக் கட்டடம், எரிய எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே ஒடுங்கியிருந்த பெண்களும் பிள்ளைகளும் அந்தத் தீயில் போனார்கள். தீயிலிருந்து வெளியே வந்த காவலர்கள் சுட்டுக்கொண்டே வந்து விழுந்தார்கள். ஜமிலும் விழுந்தார். காவலர், துணைக் காவலர், குடும்பத்தினர் என்று இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நிலையத்தில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜின்ஸ் ஷம்சுடின் 1981-இல் இதைப் படமாக எடுத்தார். ஜமில் வேடத்தில் அவரே நடித்தார். ஆண்டு தவறாமல் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த படம். நம் தோட்டத்து வீடுகளிலும் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்து அழுதவர்கள் நிறைய.

படத்தில் வந்தாலும் பலர் நினைவில் தங்காத ஒரு பகுதி இருக்கிறது. இந்த அத்தியாயமே அதற்காகத்தான். வேட்டுச் சத்தம் பக்கத்துக் கம்பங்களுக்கும் கேட்டது. பெங்குலு அலி முகமட் ஷா தம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். வந்தவர்கள் எல்லாரும் கிராமத்துத் துணைக் காவலர்கள். பகலில் ரப்பர் வெட்டுகிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள். கையில் கிடைத்த துப்பாக்கியோடு வந்தார்கள். இப்படி யாராவது வரக்கூடும் என்று கொரில்லாக்களும் எதிர்பார்த்து வழியில் பதுங்கியிருந்தார்கள். வந்தவர்களில் சிலர் அந்த வழியிலேயே செத்தார்கள். அப்படியும் மற்றவர்கள் திரும்பி ஓடவில்லை.

ஏன் வந்தார்கள்? மேலிடத்து உத்தரவு வந்து அவர்கள் கிளம்பவில்லை. உத்தரவு வருகிற வேகத்தில் அந்தக் காலத்துச் செய்தித் தொடர்பும் இல்லை. சம்பளத்துக்காகவும் இல்லை, துணைக் காவலருக்குக் கிடைத்தது சொற்பம். எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். ஜமிலும் அவருடைய ஆட்களும் அந்தக் கம்பத்துக்கு அந்நியர்கள் அல்லர். குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார்கள். அதே கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கினார்கள், அதே ஆற்றில் குளித்தார்கள், அதே சூராவில் தொழுதார்கள். போலீஸ் நிலையம் எரிந்தபோது கம்பத்துக்காரர்கள் தங்கள் ஊர் எரிவதாக நினைத்து ஓடிவந்தார்கள்.

இதே ஜோகூரில், இதே ஆண்டுகளில், ரப்பர் தோட்டங்களில் போலீஸுக்கு வேறொரு முகம் இருந்தது. சிகாமட், லாபீஸ், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் லயத்தில் குடியிருந்தார்கள். அவர்கள் பார்த்த போலீஸ், துரை கூப்பிட்டால் வருகிற போலீஸ். கூலி கேட்டு வேலைநிறுத்தம் என்றால் லாரி வரும். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னால் சிகாமட்டில் சான் காங் சுவீ தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரர்களை வெளியேற்றப் போலீஸ் புகுந்தபோது தொழிலாளர்கள் அடிபட்டுச் செத்தார்கள். சென்ற வாரம் நாம் பார்த்த தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரண்டு சாவும் தோட்டத்துக்குத் தோட்டம் பேசப்பட்டன. காக்கிச் சட்டை கண்ணில் பட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் சும்மா வரவில்லை.

அதற்காகக் கொரில்லாக்கள் தோட்டத்து ஜனங்களுக்கு உறவாக இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். அரிசி கொடு, சந்தா கொடு என்று ராத்திரியில் வந்தவர்களும் அவர்கள்தான். காட்டிக்கொடுத்தாய் என்று கங்காணியையும் கிராணியையும் கொன்றவர்களும் அவர்கள்தான். பகலில் ஒரு துப்பாக்கி, ராத்திரியில் இன்னொரு துப்பாக்கி. நடுவில் லயம்.

போலீஸ் படையே அப்போது சீராக இல்லை. 1948-இல் பத்தாயிரம் பேர் அளவில் இருந்த படை, நான்கே ஆண்டுகளில் சிறப்புக் காவலர்களையும் சேர்த்து அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நேற்றுவரை வயலில் நின்றவனுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, துப்பாக்கியைக் கொடுத்து, தோட்டத்துக் காவலுக்கு அனுப்பினார்கள். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்ததும் அங்கிருந்த போலீஸ் சார்ஜன்களை நூற்றுக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது, சீனமும் தெரியாது. மக்களையே எதிரியாகப் பார்த்துப் பழகிய ஒரு நாட்டிலிருந்து நேராக வந்தவர்கள். ராணுவத்தின் வேலையைப் போலீஸ் செய்துகொண்டிருந்தது. போலீஸ் வேலையைச் செய்ய ஆளில்லை. களவு போனது என்று புகார் சொல்ல நிலையத்துக்குப் போனவன், உன் பெயர் என்ன, எந்தத் தோட்டம், யாருக்கு அரிசி கொடுத்தாய் என்று தானே விசாரிக்கப்பட்டால் அடுத்த முறை போவானா?

1951 அக்டோபரில் பிரேசர் மலைப் பாதையில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் லண்டனுக்கு உறைத்தது. 1952 தொடக்கத்தில் கர்னியின் இடத்துக்கு ஜெனரல் ஜெரால்ட் டெம்ப்ளர் வந்தார். அவரோடு போலீஸ் கமிஷனராக வந்தவர் கர்னல் ஆர்தர் யங். லண்டன் நகரப் போலீஸின் தலைவர். ஓராண்டுக்கு என்று கடனாக அனுப்பப்பட்டவர். டெம்ப்ளர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. யங்கின் பெயர் பலருக்குத் தெரியாது. என் கணக்கில், ஜோகூர் போன்ற மாநிலங்களில் போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவே அறுந்திருந்ததை முடிச்சுப்போடத் தொடங்கியவர் யங்தான்.

முதலில் அவர் ஆள் குறைத்தார். சண்டை உச்சத்தில் இருக்கும்போது படையைக் குறைப்பதா என்று எதிர்ப்பு வந்தது. தகுதியில்லாதவர்களை ஆயிரக்கணக்கில் வெளியே அனுப்பினார். மிச்சமிருந்தவர்களை அணி அணியாகக் காவல் பணியிலிருந்து விலக்கி மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார். துப்பாக்கி சுடுவதைவிட, வந்து நிற்கிறவனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் அந்தப் பயிற்சியில் முக்கியம். பிறகு, 1952 இறுதியில், சேவை இயக்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு காவலரும் பொதுமக்களுக்குக் கைகொடுக்க வேண்டும். அதற்கு மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பது, காணாமற்போன சைக்கிளைத் தேடிக் கொடுப்பது. சின்ன வேலைகள்தான். சேவை செய்யத் தயார் என்று பொருள்படும் மலாய்ச் சொற்களான ‘பெர்செடியா பெர்க்கிட்மட்’ அந்தப் படையின் சின்னத்தில் ஏறியது.

சேவை என்ற பெயரில் உளவு சேர்க்கும் தந்திரம் இது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். அதில் பாதி உண்மை. காலனி ஆட்சியைக் காப்பாற்ற வந்த அதிகாரிதான் யங். தஞ்சோங் மாலிமில் ஊருக்கே 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசிப் பங்கீட்டையும் குறைத்து டெம்ப்ளர் தண்டித்தது, யங் வந்த அதே 1952-இல்தான். கம்பி வேலியும், வாசலில் நிறுத்திச் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்ப்பதும் நிற்கவில்லை. ஆனாலும் நான் பாதிதான் உண்மை என்பதற்குக் காரணம் இருக்கிறது. உளவுக்காகவே தொடங்கியிருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போன பெண் போனது நிஜம். அந்தப் பிள்ளை பிறந்ததும் நிஜம். தனக்கு உதவிய காவலரின் முகத்தை ஒரு குடும்பம் நினைவில் வைத்திருக்கும். நம்பிக்கை அப்படி ஒவ்வொரு வீடாகத்தான் வந்தது; சுவரொட்டியால் வரவில்லை. பின்னால் கென்யாவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே காவல்படை செய்த கொடுமைகளை விசாரிக்க விடவில்லை என்று சில மாதங்களிலேயே ராஜினாமா செய்தவர் இதே யங். வேடம் போட்டவராக அவர் எனக்குத் தெரியவில்லை.

புக்கிட் கெப்போங்குக்கு எட்டாண்டு தள்ளி ஜோகூரில் நடந்ததைச் சொல்கிறேன். 1958 ஏப்ரல். தென் மலாயாக் கொரில்லாக்களின் தலைவன் ஹோர் லுங், சிகாமட் வட்டாரத்தில் ஒரு போலீஸ் நிலையத்துக்குத் தானே நடந்துவந்து சரணடைந்தான். அடுத்த சில மாதங்களில் அவன் வழியாக ஏறத்தாழ 160 பேர் காட்டிலிருந்து வெளியே வந்தார்கள். அரசு கொடுத்த பணம் இதில் பெரிய பங்கு வகித்தது; மறைக்க வேண்டியதில்லை. நாடு விடுதலை அடைந்து ஏழு மாதம் ஆகியிருந்ததும், காட்டில் பசி இருந்ததும் காரணங்கள். ஆனால் புக்கிட் கெப்போங்கை எரித்த இயக்கத்தின் தலைவன் ஒருவன், போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்தால் உயிரோடு இருப்போம் என்று நம்பினானே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் போலீஸ் படைக்கு ‘அரச’ என்ற பட்டம் கிடைத்தது.

அவசரகாலப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலாயாவின் காவலரும் படைவீரருமாக 1,300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிகப் பெரும்பாலோர் போலீஸ். கோலாலம்பூரில் 1966-இல் திறந்த தேசிய நினைவுச் சின்னம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். புக்கிட் கெப்போங்கில் நினைவகம் இருக்கிறது. ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது.

புக்கிட் கெப்போங் தாக்குதலை நடத்தியவர் என்று அறியப்பட்ட மாட் இந்தெரா, பின்னால் பிடிபட்டு 1953 ஜனவரியில் தைப்பிங் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர்தான் உண்மையான வீரர் என்ற பொருளில் 2011-இல் அரசியல்வாதி மாட் சாபு பேசப்போய், நாடே இரண்டுபட்டது. காலனி ஆட்சியை எதிர்த்தவர்களை வரலாறு எப்படி எழுதுவது என்பது நியாயமான கேள்வி. கணபதியைப் பற்றி எழுதிய நான் அதை மறுக்க முடியாது. ஆனால் பலகை வீட்டுக்குள் எரிந்த பிள்ளைகளை அந்த விவாதத்தில் ஒரு பக்கத்துச் சாட்சியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஜமில் யாருடைய ஆட்சியில் சம்பளம் வாங்கினார் என்பது வேறு, அந்த விடியலில் யாரைக் காத்து நின்றார் என்பது வேறு.

சுதந்திர நாட்டில் கதை நேராகப் போகவில்லை. யங் காலத்தில் போட்ட முடிச்சு தளர்ந்தது. தடுப்புக் காவலில் சாவு என்ற சொற்றொடர் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வரத் தொடங்கியது. போலீஸ் படையை ஆராய 2004-இல் அரச விசாரணை ஆணையம் அமைந்தது; தலைவர், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா. 2005-இல் அது 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. முக்கியமானது, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம். அது வராமலே ஆண்டுகள் போயின. 2009 ஜனவரியில் ஏ. குகன் என்ற 22 வயது இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அவர் உடலில் இருந்த காயங்களின் படங்களைப் பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. 2013-இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பரிந்துரைத்துப் பதினெட்டு ஆண்டு கழித்து, 2023 ஜூலையில், போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. விசாரித்துப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று வழக்கறிஞர்கள் சொன்னது சரிதான்.

பிறகு உலு திராம்.

2024 மே 17, வெள்ளிக்கிழமை அதிகாலை, மணி 2.45 வாக்கில். ஜோகூர் பாருவை ஒட்டிய ஊர். நிலையத்தில் விளக்கு எரிந்தது. அந்த நேரத்திலும் புகார் கொடுக்க இருவர் வந்திருந்தார்கள். முகமூடி அணிந்த 21 வயது இளைஞன் ஒருவன் பாராங்கோடு வளாகத்துக்குள் நுழைந்தான். ஒரு காவலரை வெட்டி, அவருடைய துப்பாக்கியைப் பறித்து, இன்னொருவரைச் சுட்டான். மூன்றாமவர் காயத்தோடு திருப்பிச் சுட்டதில் அவன் செத்தான். இறந்த காவலர்கள் அகமட் அஸ்ஸா பாமி அசார், வயது 22. முகமட் ஷாபிக் அகமட் சைட், வயது 24. புக்கிட் கெப்போங்குக்குப் பிறகு எழுபத்து நான்கு ஆண்டு. அதே மாநிலம், அதே விடியாத நேரம்.

அன்று ஜோகூர் மாநிலப் போலீஸ் தலைவராக இருந்தவர் எம். குமார். தோட்டத்துப் பிள்ளைகளைக் கதவுக்குப் பின்னால் இழுத்த காலத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நம் ஆட்கள் அதைக் கவனித்தார்கள். தாக்கியவனை ஜெமா இஸ்லாமியாவோடு தொடர்புபடுத்தி முதலில் அறிவிப்பு வந்தது. தனியாளாகச் செய்த காரியம் என்று பின்னர் உள்துறை அமைச்சர் சொன்னார். இடைப்பட்ட நாள்களில் கைபேசிகளில் சுற்றிய வதந்திகளுக்கு அளவில்லை. போலீஸ் நிலையங்களில் பாதுகாப்பைக் கடுமையாக்கினார்கள். கடுமையாக்கத்தான் வேண்டும். ஆனால் நள்ளிரவில் பதறி ஓடிவருகிறவருக்குத் திறந்திருக்கும் ஒரே அரசாங்கக் கதவு ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி அதுதான். அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்ததால்தான் அந்தக் காவலர்கள் இருவரும் செத்தார்கள்.

குகனுக்கு நீதி கேட்டவர்கள் அஸ்ஸா பாமிக்கும் ஷாபிக்குக்கும் கண்ணீர் விடக்கூடாதா என்ன? இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிற பேச்சு அப்போது நிறைய வந்தது: போலீஸைக் குறை சொல்கிறவர்கள் இப்போது எங்கே என்று ஒரு கூட்டம், இதைக் காட்டிப் பழையதை மறைக்காதே என்று இன்னொரு கூட்டம். பெங்குலு அலியின் ஆட்கள் ஓடிவந்தது, தங்களை மதித்த காவலர்களைக் காப்பாற்ற. லாபீஸ் லயத்துக்காரர்கள் கதவைச் சாத்தியது, தங்களை மதிக்காத காவலர்களுக்குப் பயந்து. காவலர்கள் நடந்துகொண்ட விதம் ஒன்றுதான் இரண்டுக்கும் காரணம். லாக்கப்பில் ஒருவன் அடிபட்டுச் செத்தால், அதற்கான விலையை என்றோ ஒருநாள் ஏதோ ஒரு நிலையத்தில் தனியாக நிற்கும் நல்ல காவலர் கொடுக்கிறார். உதவிக்கு வரவேண்டிய ஊர் வராது. யங் எழுபது ஆண்டுக்கு முன்னால் ஆள் குறைத்ததும் இதைப் புரிந்துகொண்டதால்தான்.

இந்த அத்தியாயத்துக்காகத் தேடியபோது என்னை உறுத்திய ஒன்று உண்டு. புக்கிட் கெப்போங்குக்குப் படம் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது. தோட்டத்துக் காவலில் நின்று செத்த சிறப்புக் காவலர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்; இந்தியரும் சீனரும் இருந்தார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியதில், யார் எங்கே விழுந்தார் என்று சொல்லக்கூடியவர்களும் கலைந்து போனார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அவசரகாலத்தில் சிறப்புக் காவலராகவோ ஊர்க்காவல் படையிலோ இருந்திருந்தால், தோட்டத்தின் பெயர், ஆண்டு, நினைவிருக்கும் சம்பவம் ஆகியவற்றைப் பத்திரிகை முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். சீருடையோடு எடுத்த படம் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். தோட்டவாரியாகத் தொகுத்து இந்தத் தொடரிலேயே வெளியிடுகிறேன். எதிர்த்தரப்பில் நின்றவர்களின் குடும்பங்களும், போலீஸிடம் அடிபட்டவர்களின் குடும்பங்களும் எழுதலாம்.

அடுத்த வாரம்: கம்பி வேலிக்குள் வந்த தோட்டம். வாசல் சோதனையும், பொதுச் சமையலும், லயத்தைவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களும்.

(தொடரும்)